கம்பி நீட்டிய இரவு

ஏழாம் கூண்டில் பசி.
பசித்த சால்மன் சுற்றும் விதமே வேறு.
மேலே மேலே வரும்,
கேமராவின் கண்ணை இடித்துக்கொண்டு.
கிளாக்ஸ்விக்கில், படுக்கையறை மூலையில்,
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து
நான் ஒரு பொத்தானை அழுத்துகிறேன்.
ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்
கடலில் தீவனம் பெய்கிறது.

இதற்குத்தான் அந்த நீல வயர்.
காற்றை நம்பாதே என்றது கம்பெனி.
இந்த ஊர்க் காற்றையா என்று சிரித்தான் ஹானுஸ்.
சமையலறை மோடத்தில் தொடங்கி
காலணி அலமாரிக்குப் பின்னால் நுழைத்து
குளியலறை நிலைக்கு மேலே ஏற்றி இறக்கி
பதினெட்டு மீட்டர்,
ஆணி ஆணியாக அடித்துக்கொண்டு வந்தான்.
கடைசிச் சுவரைத் துளைக்க மட்டும் முடியவில்லை.
கருங்கல். அதுவும் வாடகைக் கருங்கல்.
ஆகவே கதவு வழியாக.
அன்றிலிருந்து எங்கள் கதவு
ஒரு வயரின் பருமனுக்குச் சாத்தாமல் நிற்கிறது.

அந்த இடுக்கில்
கூடத்து வெளிச்சம் நூலாக விழும்.
தூங்கவிடாத அந்த நூலில்தான்
எல்லாச் சண்டையும் தொடங்கும்.
பிறகு எங்கெங்கோ போகும்:
அவன் அண்ணனுக்குக் கொடுத்த படகுப் பணம்,
நான் போகாமல் விட்ட ஞானஸ்நானம்,
உருளைக்கிழங்கை யார் அழுகவிட்டது.

இன்று காலை பத்து மணிக்கு,
விடிந்தும் விடியாத டிசம்பரில்,
மீன்கள் திடீரென்று சிலையாகின.
கேமரா அல்ல, இணைப்பு.
திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.
இருக்க வேண்டிய சின்னம் இல்லை.
விசிறிபோல விரிந்த மூன்று வளைவுகள்.
வைஃபை.
குனிந்தேன்.
கணினிக்குப் பின்னால் நீல வயர்
தன் துளையிலிருந்து அரை விரல் விலகி,
கிளிப் ஒடிந்து,
தூசி போர்த்திப் படுத்திருந்தது.

எப்போதிலிருந்து?
கணினி எல்லாவற்றையும் எழுதிவைக்கிறது,
கேட்டால்தான் சொல்லும்.
நவம்பர் மூன்று, இரவு 11:52.
கம்பி அப்போதே கம்பி நீட்டிவிட்டது.

நவம்பர் மூன்று எனக்குத் தெரியும்.
தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவன் சோபாவுக்குப் போன இரவு.
இருட்டில் காலில் ஏதோ தடுக்கியது.
கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது.
என்னைத்தான் சொன்னான் என்று
இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு நாள்.
ஒரு மீன்கூடப் பட்டினி கிடக்கவில்லை.
நம்பாதே என்ற காற்றுதான்
கல்லுக்குள் புகுந்து புகுந்து வந்து
வேலை பார்த்திருக்கிறது,
யாரிடமும் சொல்லாமல்.
போன கூட்டத்தில் வேறு நான்
வயர் போட்ட பிறகுதான் நிம்மதி என்று
மேலாளரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

கூப்பிட்டேன். வந்தான்.
படகுக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இடுக்கியோடு
மண்டியிட்டு உட்கார்ந்தான்.
நான் டார்ச் பிடித்தேன்.
நீலத் தோலை உரித்தால் உள்ளே எட்டு இழைகள்.
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை,
நீலம் என்று முணுமுணுத்தபடி
ஒவ்வொன்றாக நிமிர்த்தினான்.
ஒன்று இடம் மாறினாலும் ஊமைதான் என்றான்.
முதல் முனை வீணாயிற்று.
இரண்டாவது, டிக் என்றது.

வைஃபையை அணைத்துவிடவா?
வேண்டாம், இருக்கட்டும்.
அப்படியானால் எண் போட வேண்டும்,
எதற்குச் சின்ன எண்ணோ அதற்கு முதலிடம்.
வயருக்குப் பத்து என்று தட்டினான்.
காற்றுக்கு ஐம்பது.
நாற்பத்தொரு நாள் உழைத்ததற்கு ஐம்பதா என்றேன்.
அழித்துவிட்டு முப்பது போட்டான்.
முப்பதானாலும் இரண்டாவது இரண்டாவதுதான் என்றான்,
திரையைப் பார்த்தபடி.

நவம்பர் மூன்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
தேதி திரையிலேயே இருந்தது.
படித்தானா, தெரியாது.

ஏழாம் கூண்டுக்குத் தீவனம் போட்டேன்.
மீன்கள் மேலே வந்தன.
அவன் இடுக்கியைத் திருப்பித் தரப் போயிருக்கிறான்.
தலையணை இன்னும் சோபாவில்தான்.